செம்மறி ஆடு தின்ற புல் எங்கே போகிறது? சத்து உடம்பில் சேரும் பாதை, படிப்படியாக

ஆடு வளர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது "என்ன தீவனம் போடலாம்?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, போட்ட தீவனம் எந்த இடத்தில் உடம்போடு சேர்கிறது என்பது. நமக்குச் சத்து பெரும்பாலும் சிறுகுடலில் சேர்கிறது. செம்மறிக்கு அப்படி இல்லை. அதற்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதம், தீவனம் குடலை எட்டும் முன்பே வயிற்றில் உருவாகி, அங்கேயே பெரும்பகுதி இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

இதைப் படத்தில் பார்ப்பதைவிட ஓர் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது நல்லது. சாதுவான, நன்றாக மேய்ந்து வந்த பெரிய ஆடு ஒன்றும், நொடிமுள் உள்ள கடிகாரமும் போதும்.

படி 1: அசைபோடுவதைக் கவனியுங்கள்

செம்மறிக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கெட்டியான ஈறுதான் இருக்கும். கீழ்ப்பற்களை அதன்மேல் அழுத்திப் புல்லைப் பிடுங்கி, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகு படுத்து ஓய்வாக அசைபோடும். கழுத்தின் இடப்பக்கத்தையே பாருங்கள். ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தோலுக்கடியில் தெரியும். தாடை பக்கவாட்டில் அசைய, ஏறக்குறைய ஒரு நிமிடம் மெல்லும். விழுங்கும். சில நொடி சும்மா இருக்கும். அப்புறம் அடுத்த உருண்டை ஏறும். நார் நிறைந்த தீவனம் தின்னும் ஆடு ஒரு நாளில் 8 மணி நேரம் வரைகூட இப்படி மெல்லும்.

மெல்லும்போது நாள் முழுக்க லிட்டர் லிட்டராக உமிழ்நீர் சுரந்து உள்ளே போகிறது. அதில் பைகார்பனேட் இருக்கிறது. வயிற்றில் உண்டாகும் அமிலத்தைத் தணிப்பது இதுதான்.

படி 2: இடது பக்கம் கை வையுங்கள்

கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு எலும்புக்கு முன்னால், இடப்பக்கத்தில் முக்கோணமாக ஒரு பள்ளம் இருக்கும். அங்கே உள்ளங்கையை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். உள்ளிருந்து ஏதோ மெல்ல உருண்டு வந்து கையைத் தள்ளிவிட்டுப் போகும். இரண்டு நிமிடத்தில் இரண்டு முதல் நான்கு முறை தள்ளினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கையைத் தள்ளியது பெருவயிறு. கால்நடை மருத்துவர்கள் ரூமென் என்பார்கள். நான்கு பகுதியான வயிற்றில் இதுதான் மிகப் பெரியது. சுமார் 39 டிகிரி வெப்பம், காற்றில்லாத இருட்டு. அங்குள்ள திரவத்தின் ஒரு மில்லி லிட்டரில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. புல்லின் நாரான செல்லுலோஸை உடைக்க ஆட்டுக்கே சொந்தமாக நொதி எதுவும் கிடையாது. உடைப்பது அந்த நுண்ணுயிர்கள். நாம் தீவனம் போடுவது ஆட்டுக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் முதல் பந்தி அவற்றுக்குத்தான்.

பெருவயிற்றோடு ஒட்டியிருக்கும் தேன்கூட்டு வயிறு, பெரிய துணுக்குகளைத் திரும்ப மேலே அனுப்பி, பொடியானதை மட்டும் அடுத்த பகுதிக்கு விடுகிறது.

படி 3: சுவர் வழியாகச் சேரும் ஆற்றல்

முக்கியமான இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நுண்ணுயிர்கள் நாரையும் மாவுச்சத்தையும் நொதிக்கவைக்கும்போது மூன்று சிறிய கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன: அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக். கூடவே வரும் மீத்தேனையும் கரியமில வாயுவையும் ஆடு ஏப்பமாக வெளியேற்றிவிடும். பெருவயிற்றின் உட்சுவர், துவாலையின் பூத்த நூல்களைப் போலச் சின்னச் சின்ன நீட்சிகளால் நிறைந்திருக்கும். அதனால் உறிஞ்சும் பரப்பு பல மடங்காகிறது. அமிலங்கள் அதன் வழியாக நேரே இரத்தத்துக்குப் போகின்றன.

அசிட்டிக் அமிலம் தசைக்கு ஆற்றலாகவும், உடல் கொழுப்பாகவும், பாலின் கொழுப்பாகவும் மாறுகிறது. பியூட்டிரிக் அமிலத்தை அந்தச் சுவரே பெருமளவு தனக்காக எடுத்துக்கொள்கிறது. புரோப்பியானிக் அமிலம் கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸாகிறது. குடலிலிருந்து குளுக்கோஸ் மிகக் குறைவாகவே கிடைப்பதால் செம்மறிக்கு இந்த வழிதான் உயிர்நாடி. இரட்டைக் குட்டி சுமக்கும் தாய், ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில் சோர்ந்து விழுவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. குட்டிகள் குளுக்கோஸைக் கேட்கின்றன. வளரும் கருப்பையோ பெருவயிற்றை நெருக்குகிறது. தாயால் தேவையான அளவு தின்ன முடிவதில்லை. அந்த நாட்களில் குறைந்த அளவில் அதிக சத்துள்ள தீவனம் கொடுக்க வேண்டும்.

அதற்காகத் தானியத்தைத் திடீரென்று கூட்டக் கூடாது. என் ஆடு ஒன்று இரவில் மக்காச்சோள மூட்டையைக் கிழித்து வயிறுமுட்டத் தின்றுவிட்டது. காலையில் தலை தொங்க நின்றது. அசைபோடவில்லை. இடப்பக்கம் கை வைத்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் ஒரு தள்ளல்கூட இல்லை. அழுத்தினால் தண்ணீர்ப் பை போலச் சளசளத்தது. மருத்துவர் வந்து காப்பாற்றிக் கொடுத்தார். ஆனாலும் பழையபடி தேறப் பல வாரங்கள் ஆயின. மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போனால் லாக்டிக் அமிலம் பெருகி, உறிஞ்ச வேண்டிய சுவரையே புண்ணாக்கிவிடும். எந்தத் தீவன மாற்றத்தையும் 10 முதல் 14 நாட்களுக்குப் பரப்பிச் செய்யுங்கள்.

படி 4: நுண்ணுயிரே புரதம்

தீவனத்தில் உள்ள புரதத்தின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் அம்மோனியா வரை உடைத்து, அதிலிருந்து தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்கின்றன. மிஞ்சிய அம்மோனியா கல்லீரலில் யூரியாவாகி, அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாகப் பெருவயிற்றுக்கே திரும்புகிறது. காய்ந்த புல்லிலும் ஆடு ஓரளவு தாக்குப்பிடிப்பது இந்தச் சிக்கனத்தால்தான்.

பிறகு அந்த நுண்ணுயிர்களே தீவனத்தோடு கீழே இறங்குகின்றன. மூன்றாம் வயிறு, புத்தகத் தாள்கள் போன்ற மடிப்புகளால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. நான்காவதில் நம் வயிற்றைப் போலவே அமிலமும் பெப்சினும் சுரக்கும். அங்கே நுண்ணுயிர்கள் கரைந்து ஆட்டுக்கு உணவாகின்றன.

படி 5: சிறுகுடல்

சுமார் 25 மீட்டர் நீளம். அமினோ அமிலங்களும், கொழுப்பும், பெரும்பாலான வைட்டமின்களும், சுண்ணாம்புச் சத்தும் இங்கே சேர்கின்றன. மெக்னீசியம் மட்டும் பெரும்பாலும் பெருவயிற்றிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

தாமிரத்தில் மிகவும் கவனமாக இருங்கள். செம்மறியின் உடம்பு மிகுதியான தாமிரத்தை எளிதில் வெளியேற்றாது. அது கல்லீரலில் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் திடீரென்று ஆட்டைக் கொன்றுவிடும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு வைக்காதீர்கள்.

நல்ல தீவனம் போட்டும் ஆடு இளைக்கிறதென்றால் குடல் புழுக்களைச் சந்தேகியுங்கள். குட்டிகளில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி, உறிஞ்சும் செல்களையே அழித்துவிடும். சாணப் பரிசோதனை செய்து பார்க்காமல் தீவனத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை.

படி 6: புழுக்கையை உடைத்துப் பாருங்கள்

பெருங்குடல் கடைசித் தண்ணீரையும் எடுத்துக்கொள்வதால்தான் புழுக்கை உருண்டையாக, உலர்ந்து விழுகிறது. ஒன்றை எடுத்து விரலால் நசுக்குங்கள். பொடிப்பொடியான நார் மட்டும் தெரிந்தால் மேலே எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. நீளமான நாரோ, முழுத் தானியமோ நிறையத் தெரிந்தால் ஆடு சரியாக மெல்லவில்லை. பற்களைப் பாருங்கள்.

குட்டிக்கு வேறு பாதை

பிறந்த குட்டிக்குப் பெருவயிறு பெயருக்குத்தான் இருக்கும். பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் அடியில் உள்ள ஒரு மடிப்பு குழல்போல மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். முதல் நாளில் மட்டும், சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களைக் குட்டியின் குடல் உடைக்காமல் முழுசாக உள்ளே விடும். மணிக்கு மணி அந்த வாசல் சாத்திக்கொண்டே வரும். அதனால் முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் போய்ச் சேர வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்தம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு.

இரண்டாம் வாரத்திலிருந்து மென்மையான புல்லையும் கொஞ்சம் குட்டித் தீவனத்தையும் எட்டும் இடத்தில் வையுங்கள். பெருவயிற்றுச் சுவரின் நீட்சிகள் பாலால் வளர்வதில்லை. தின்ற தீவனம் நொதித்து வரும் அமிலங்கள்தான் அவற்றை வளர்க்கின்றன. கொஞ்ச நாளில் குட்டி தாயின் பக்கத்தில் படுத்து, சின்னத் தாடையை அசைத்து அசைபோடுவதைப் பார்ப்பீர்கள். அப்போது அதன் இடப்பக்கத்திலும் கையை வைத்துப் பாருங்கள்.