ஃபிட்டிங்கில் விரிசல்: பார்ப்பதும் மாற்றுவதும்

இறக்கை விமானத்தின் உடலோடு சேரும் இடத்திலும், லேண்டிங் கியர், அதாவது சக்கரத் தொகுதி பூட்டப்படும் இடத்திலும் பாரம் தாங்கும் கனமான உலோகத் துண்டுகள் இருக்கும். அவைதான் ஃபிட்டிங். ஏடிஆர் 72, டாஷ் 8 போன்ற சிறு விமானங்கள் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குபவை. அதனால் பறந்த மணியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஏறி இறங்கிய கணக்கை, அதாவது சைக்கிளைப் பாருங்கள். 1988-இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே கூரை பிய்ந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 பறந்தது 35,496 மணிதான், சைக்கிளோ 89,680! அங்கே விட்டுப்போனது உடலின் தகடு, ஃபிட்டிங் அல்ல. ஆனால் காரணம் ஒன்றேதான்: உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கி உலோகம் விரிசல் விடுவது.

முதலில் காகித வேலை. சர்வீஸ் புல்லட்டினில், அதாவது தயாரிப்பாளர் அனுப்பும் பராமரிப்பு அறிவிப்பில் உள்ள பார்ட் நம்பர், சீரியல் நம்பர், சைக்கிள் வரம்பு உங்கள் விமானத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். எல்லாமே லைசென்ஸ் பெற்ற இன்ஜினியரின் மேற்பார்வையில்தான்.

அடுத்து சுத்தம். பழைய சீலண்டையும் (இடுக்கை அடைக்கும் பசை) கிரீஸையும் எடுங்கள். உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் எரிபொருள் கசிந்த தடம் இருந்தால் சீலண்ட் பூசிவிட்டு நகராதீர்கள். 2005 டிசம்பரில் மயாமி அருகே இறக்கை கழன்று 20 பேர் இறந்த கிரம்மன் மல்லார்ட் என்ற கடல் விமானத்தில், திரும்பத் திரும்ப வந்த கசிவு உள்ளே இருந்த விரிசலின் அறிகுறி.

டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்த்த பிறகு எடி கரன்ட், அதாவது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டுபிடிக்கும் சோதனை. அதே வகை உலோகத்தில் வெட்டுக்கோடு போட்ட மாதிரிக் கட்டையில் கருவியைச் சரிசெய்யுங்கள். புரோபை, அதாவது கருவியின் உணர் முனையைத் தூக்கினால் திரையில் உள்ள கோடு பக்கவாட்டில் ஓட வேண்டும், வெட்டின் மேல் நகர்த்தினால் மேலே குதிக்க வேண்டும். ஃபிட்டிங்கின் ஓரத்தை நெருங்கினாலும் கோடு குதிக்கும். பதற வேண்டாம், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் நகர்த்துங்கள். சந்தேகம் தீரவில்லையா? போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் சுழலும் புரோபை விடுங்கள்.

விரிசல் உறுதியானால்தான் உண்மையான வேலை. கண்டுபிடிப்பதை விட மாற்றுவதில்தான் அதிகம் கெடுக்கிறோம் என்பது என் எண்ணம். ஒரு ஃபிட்டிங்கைக் கழற்றும் முன் ஜாக்கும் முட்டும் கொடுத்துப் பாரத்தை இறக்குங்கள். இல்லையென்றால் விமானத்தின் சட்டகம் லேசாக நகர்ந்துவிடும், புதிய துளைகள் நேர் நிற்காது. நிற்கவில்லை என்று போல்ட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றினால், அந்தக் கீறலிலிருந்தே அடுத்த விரிசல் கிளம்பும். பழைய துளைகளையும் எடி கரன்டில் பாருங்கள். ரீமர் (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போட்டுப் பெரிதாக்க வேண்டியிருந்தால், துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே மேனுவல் சொல்லும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று முன்பே அளந்துவிடுங்கள்.

அப்புறம் சீலண்ட் இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். இடைவெளி இருந்தால் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வையுங்கள், போல்ட்டை முறுக்கி இழுத்து மூடாதீர்கள். சரியாக உட்கார்ந்ததும் சீலண்ட் தடவி, மேனுவலில் உள்ள டார்க்கில், அதாவது முறுக்கு விசை அளவில் முறுக்குங்கள்.

லாக் புத்தகத்தில் அடுத்த சோதனைக்கான சைக்கிளைக் குறியுங்கள். கழற்றிய ஃபிட்டிங்குக்குச் சிவப்பு டேக் கட்டித் தனியே வையுங்கள், தயாரிப்பாளர் கேட்கலாம்.