12ஆம் வகுப்பில் கல்குலஸை (நுண்கணிதத்தை) விடுவதா, தொடர்வதா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

ஊரில் இலங்கை உயர்தரமோ தமிழ்நாட்டுப் பிளஸ் டூவோ, எடுத்த பிரிவோடு கடைசிவரை போக வேண்டும். ஒன்ராறியோவில் அப்படியில்லை, இங்கே ஒவ்வொரு பாடமும் தனித்தனி கிரெடிட். ஒன்றை விட்டால் அது மட்டும்தான் போகும். ஆகவே "கல்குலஸை ட்ரொப் பண்ணப் போறேன்" என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் எழும் பதற்றத்தில் பாதி தேவையில்லாதது. மற்றப் பாதிக்குக் காரணம் உண்டு: தேதி தவறினாலோ, விண்ணப்பித்த பிரிவு அந்தப் பாடத்தைக் கட்டாயமாகக் கேட்டாலோ பிறகு சரிசெய்வது கஷ்டம்.

12ஆம் வகுப்பில் பல்கலைக்கழகத்துக்கான கணிதப் பாடங்கள் மூன்று (அடைப்புக்குள் பாடக் குறியீடு): அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் (எம்எச்எஃப்4யு), கல்குலஸ் அண்ட் வெக்டர்ஸ் (எம்சிவி4யு), டேட்டா மேனேஜ்மென்ட் (எம்டிஎம்4யு). கல்குலஸ் எடுப்பவர் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸை முன்பே முடித்திருக்க வேண்டும், அல்லது கூடவே எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே செமஸ்டரில் எடுத்துத் திணறும் பிள்ளை விடுவதானால் கல்குலஸைத்தான் விட வேண்டும். ஃபங்ஷன்ஸை விட்டுவிட்டுக் கல்குலஸை வைத்திருப்பது அத்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவது. பாடசாலையும் பொதுவாக அதை அனுமதிக்காது.

ஹைஸ்கூலை முடிப்பதற்குக் கல்குலஸ் தேவையே இல்லை. ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்கு மூன்று கணித கிரெடிட் போதும், அதில் ஒன்று 11 அல்லது 12ஆம் வகுப்பினதாக இருக்க வேண்டும். யோசிக்க வேண்டியது பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான். பொறியியலுக்கும், வாட்டர்லூவின் கணிதப் பீடத்துக்கும், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வணிகப் படிப்பான ரொட்மன் கொமர்ஸுக்கும் எம்சிவி4யு கட்டாயம். கலை, சமூக அறிவியல் பிரிவுகளில் பெரும்பாலும் கேட்பதில்லை. குழப்பம் வருவது நடுவில் உள்ள உயிரியல், வணிகம், கணினிப் பிரிவுகளில்தான்: ஒரே பெயருள்ள பிரிவுக்கு ஒரு பல்கலைக்கழகம் கல்குலஸ் கேட்கும், இன்னொன்று ஃபங்ஷன்ஸோடு நிறுத்திக்கொள்ளும். சொந்தக்காரர் சொன்னதை நம்பாமல், பிள்ளை விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு பிரிவின் பக்கத்தையும் அந்த ஆண்டுக்கான தகவலோடு திறந்து பாருங்கள்.

இரண்டு தேதிகள்

முதலாவது, பாடம் மாற்றும் தேதி. செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள், இடம் இருந்தால், கல்குலஸிலிருந்து டேட்டா மேனேஜ்மென்டுக்கு மாறலாம். கடைசி நாளைப் பாடசாலைதான் முடிவு செய்யும். அது கடந்தபின் வேறு பாடத்தில் சேர முடியாது, இருப்பதை விட மட்டுமே முடியும். அந்தப் பீரியட் சும்மா கிடக்கும், கிரெடிட்டும் ஒன்று குறையும். புதிதாக வந்தவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான், ஏனென்றால் அதற்குள் ஒரு பரீட்சைகூட நடந்திருக்காது.

இரண்டாவது, ஃபுல் டிஸ்க்ளோஷர் (முழு வெளிப்படுத்தல்) தேதி. 11, 12ஆம் வகுப்புப் பாடங்களுக்கு மட்டும் இந்த விதி. செமஸ்டர் முறையுள்ள பாடசாலையில் நடுத்தவணை ரிப்போர்ட் கார்ட் வந்து ஐந்து பாடசாலை நாட்களுக்குள் விட்டால், அந்தப் பாடம் டிரான்ஸ்கிரிப்டில் (பல்கலைக்கழகம் பார்க்கும் புள்ளிப் பதிவில்) வராது. ஆறாம் நாள் விட்டால் 'டபிள்யூ' என்ற எழுத்தோடு, விடும்போது இருந்த புள்ளியும் பதிவாகும். முதல் செமஸ்டரில் இது பெரும்பாலும் நவம்பரில் வரும், இரண்டாவதில் ஏப்ரலில். வார விடுமுறையும் பி.ஏ. நாளும் (ஆசிரியர்களுக்கு மட்டுமான, வகுப்பில்லாத நாள்) கணக்கில் இல்லை. ஆனாலும் பாடசாலையின் கைடன்ஸ் கவுன்சிலரை (பாடத் தெரிவு ஆலோசகரை) பார்க்கவே இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டிவரலாம் என்பதால் ரிப்போர்ட் கார்ட் வரும்வரை இருக்காமல் முன்பே நேரம் எடுத்து வையுங்கள்.

வகுப்புக்குப் போகாமல் இருப்பது ட்ரொப் அல்ல. படிவம் கொடுக்காதவரை பிள்ளை அந்தப் பாடத்தில்தான் இருக்கிறார். செய்யாத வேலைக்குச் சைபர் விழும்.

புள்ளி எங்கே போகிறது?

ரிப்போர்ட் கார்டில் வந்த 58 வீதம் போன்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பரீட்சைத் தாளைக் கையில் எடுங்கள். ஒன்ராறியோவில் நான்கு பகுதிகளாகப் புள்ளியிடுவார்கள்: அறிவு, சிந்தனை, தொடர்பாடல், பிரயோகம். தாளின் ஓரத்தில் கே, டி, சி, ஏ என்ற எழுத்துகளோடு அவை பிரித்துப் போடப்பட்டிருக்கும்.

கே 18/20, டி 4/12, சி 3/8 என்று வந்திருந்தால் பிள்ளைக்குக் கணிதம் தெரியும். ஊரில் வகையீடு ஏற்கெனவே செய்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விடை சரி, ஆனால் மாறியை வரையறுக்கவில்லை, இடைப்படி இல்லை, அதிகபட்சம்தான் என்று நிறுவவில்லை, கடைசியில் கேள்விக்கு ஒரு வசனத்தில் பதில் எழுதவில்லை. வசனக் கணக்கில் ஆங்கிலமும் காலை வாரும். இதற்குப் பாடத்தை விடத் தேவையில்லை. மதிய இடைவேளையில் ஆசிரியரிடம் போய், இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டால் அடுத்த தாளிலேயே வித்தியாசம் தெரியும். ஆங்கிலம் கற்கும் மாணவருக்குக் கூடுதல் நேரம், இருமொழி அகராதி போன்ற வசதிகள் உண்டு. கேட்காவிட்டால் கிடைக்காமலும் போகலாம்.

கே 7/20 என்றால் கதை வேறு. பெரும்பாலும் கல்குலஸ் அல்ல, அதற்குக் கீழே உள்ளதுதான் இடிக்கிறது: காரணிப்படுத்தல், பின்னங்களைச் சுருக்குதல், மறைச் சுட்டிகள், மடக்கை. வகைக்கெழுவைச் சரியாக எடுத்துவிட்டு அதைச் சுருக்கும்போது தடுக்கி விழுவார்கள். தேவையான முன்பாடங்களைப் படிக்காமல், ஊர்ப் படிப்புக்கு ஈடாகக் கிடைத்த கிரெடிட்டை வைத்து நேரே 12ஆம் வகுப்பில் போடப்பட்டவர்களிடம் இது அதிகம். டியூஷன் வைத்தாலும் ஓடும் வகுப்பைத் துரத்திக்கொண்டே அடியைக் கட்டுவது பெரும்பாடு. விட்டுவிட்டு, ஃபங்ஷன்ஸை ஒழுங்காக முடித்து, பிறகு திரும்பி வருவது தோல்வியே அல்ல.

இனி கணக்கு. இறுதிப் புள்ளியில் 70 வீதம் தவணை வேலைக்கு, 30 வீதம் இறுதி மதிப்பீட்டுக்கு. நடுத்தவணையில் 58 என்று வைத்து, தவணை வேலையில் பாதி முடிந்தது என்று கொண்டால், கையில் இருப்பது 35க்கு 20.3. மிச்சம் 65. முடிவில் 70 வேண்டுமானால் மிச்சத்தில் 76 வீதத்துக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும், 75க்கு 84, 80க்கு ஏறக்குறைய 92. சில ஆசிரியர்கள் பிந்திய வேலைக்குக் கூடுதல் எடை கொடுப்பார்கள், எனவே மிச்சம் எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள். பிள்ளை விரும்பும் பிரிவுக்கு 85 தேவை என்றால் கணக்கு ஏறக்குறைய 100ஐத் தொடுகிறது, பதில் கிடைத்துவிட்டது. பாடத்தின் இரண்டு பகுதிகளும் ஒரே மாதிரி இராது என்பதையும் பாருங்கள்: கல்குலஸில் திணறிய சிலருக்கு வெக்டர் இலகுவாக வரும், சிலருக்கு முப்பரிமாணத் தளங்கள் வந்ததும் இன்னும் மோசமாகும்.

விடுவதாக முடிவானால்

முதலில் எஞ்சியிருப்பதை எண்ணுங்கள். பல்கலைக்கழகத்துக்கு, குறியீடு யு அல்லது எம் என முடியும் 12ஆம் வகுப்புப் பாடங்கள் குறைந்தது ஆறு வேண்டும். கல்குலஸ் போனால் ஐந்தாகிறதா? பிறகு ஆசிரியரிடம் பேசி, கைடன்ஸ் கவுன்சிலரிடம் படிவம் வாங்கி நிரப்புங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையொப்பம் வேண்டும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, புதிய நேரசூசியில் பாடம் நீங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஏற்கெனவே நிபந்தனையோடு அனுமதி வந்திருந்தால் பொறுங்கள். தேவையான பாடமாக எம்சிவி4யுவைக் குறிப்பிட்டிருந்தால் அதை விடுவது அனுமதியையே பறிக்கக்கூடும். பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிப் பதில் வந்த பிறகுதான் படிவம்.

திரும்ப எடுக்க சமர் ஸ்கூல், இரவுப் பாடசாலை, டிவிஓவின் (ஒன்ராறியோவின் பொதுக் கல்வி ஒளிபரப்பு நிறுவனம்) சுயகற்கை நிலையம் ஆகியவை உண்டு. சமர் ஸ்கூலில் 110 மணி நேரப் பாடம் சுமார் நான்கு வாரத்தில் ஓடி முடியும்; அடி பலமில்லாத பிள்ளைக்கு அது பொருந்தாது. முடித்த பாடத்தைக் கூடுதல் புள்ளிக்காக மீண்டும் எடுத்தால் இரண்டு முறையும் டிரான்ஸ்கிரிப்டில் தெரியும், போட்டி கூடிய சில பிரிவுகள் அதற்குப் புள்ளி குறைக்கும். ஐந்து நாள் கெடுவுக்குள் விட்டுப் பின்னர் எடுத்தால் அது முதல் முறையாகவே பதிவாகும்.