மட்டக்களப்பில் ப்ளூஸ் வாசிக்க ஆள் பிடிப்பது எப்படி

இடமாற்றக் கடிதம் வந்து, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அறை எடுத்துப் பெட்டியும் பிரித்தாயிற்று, பைக்குள் ஹார்மோனிகா இருக்கிறது, ஆனால் சேர்ந்து வாசிக்க ஒருவரையும் தெரியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் வேலைக்காகவே இந்தப் பக்கம் வந்தவன்.

முதலில் ஒரு விஷயம். ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசையைக் கேட்கிறவர்களைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம். மூன்று கோர்ட்ஸை (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டங்களை) நேரம் பிசகாமல் அடிக்கக்கூடிய ஒரு கிற்றார்காரரைத் தேடுங்கள். ப்ளூஸின் அடிப்படை வடிவம் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று), மூன்று கோர்ட்ஸ். கிற்றார் பழகிய எவருக்கும் அதை ஒரு பின்னேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தாளம் நிற்கிற கையை அப்படிச் சொல்லிக்கொடுக்க ஏலாது, அது ஏற்கெனவே உள்ளவரைத்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கை உள்ளவர்கள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள், வேறு பாட்டுகள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விசாரிக்கும்போது ஹார்மோனிகா என்று சொல்லாமல் மவுத் ஓர்கன் என்று கேளுங்கள். உடனே "எங்கட மாமா நல்லா வாசிப்பார்" என்று யாராவது சொல்வார்கள். அந்த மாமாவிடம் இருப்பது பெரும்பாலும் ட்ரெமலோ வகை, ஒரு சுரத்துக்கு இரண்டு ரீட் (உலோக நாக்கு), இரண்டும் மிகச் சிறிய வித்தியாசத்தில் சுருதி வைக்கப்பட்டிருப்பதால் ஒலி அலையலையாக வரும். பழைய சினிமாப் பாட்டுகளுக்கு அது அருமை, ப்ளூஸுக்கு வேண்டிய வளைப்பு, அதாவது சுரத்தை மூச்சால் கீழே இறக்குவது, அதில் சரியாக வராது. நமக்கு வேண்டியது பத்துத் துளை டயட்டோனிக், ஒரு கீயின் சுரங்களுக்கென்றே செய்த ஹார்மோனிகா. இதைச் சொல்லி மாமாவைத் திருத்தப் போகாதீர்கள். போய் உட்கார்ந்து அவர் வாசிப்பதைக் கேளுங்கள், அவர் கேட்டால் மட்டும் உங்களுடையதை எடுத்துக் காட்டுங்கள். ஊரில் யார் யார் வாசிக்கிறார்கள், யாருடைய கிற்றார் கட்டிலுக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வாத்தியக் கடையில் தந்தி மாற்றிக் கொடுக்கிற தம்பிக்கும் இது தெரியும். ஒரு செட் தந்தி வாங்குகிற சாட்டிலாவது அங்கே நின்று கதைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து தேவாலயங்கள். என் கணக்கில் முதலில் போக வேண்டிய இடமே இதுதான். மட்டக்களப்பு நகரிலும் கல்லடியிலும் கல்முனையிலும் கத்தோலிக்க, மெதடிஸ்த ஆலயங்களும் சின்னச் சின்னச் சபைகளும் உண்டு, அவற்றில் கிற்றார், கீபோர்ட், ட்ரம்ஸ் வாசிக்கிற பொடியன்கள் கிழமைக்குக் கிழமை ஆட்களோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள். பாடுகிறவர் இழுத்தால் காத்திருப்பார்கள், கீ (சுருதி) மாற்றினால் கூடவே மாறுவார்கள். தனியாக அறைக்குள் இருந்து பழகியவருக்கு இது லேசில் வராது. ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு போய்ப் பேசுங்கள், தொடங்குவதற்கு முன் போனால் அவர்களுக்கு அவசரமாக இருக்கும். மெதுவான ஒரு கீர்த்தனையை அவர்களோடு வாசித்துக் காட்டுவது நல்ல அறிமுகம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆலய இசையான கொஸ்பலின் தந்தை என்று சொல்லப்படும் தோமஸ் டோர்சி, 1899இல் பிறந்தவர், கொஸ்பலுக்கு வருவதற்கு முன் 'ஜோர்ஜியா டொம்' என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்தவர். ஆலயத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். ஆனால் ஒரு கண்டிப்பு: சில சபைகளில் ஆலயத்துக்கு வெளியே உள்ள பாட்டுகள் வாசிப்பதை விரும்பமாட்டார்கள். பாஸ்டருக்கோ பாதருக்கோ மனக்கசப்பு வருகிற மாதிரி அந்தப் பிள்ளையை இழுக்காதீர்கள். ஆலய வாத்தியத்தையும் மண்டபத்தையும் கேட்கவே வேண்டாம், உங்கள் அறைக்கோ கடற்கரைக்கோ வரச் சொல்லுங்கள்.

மட்டக்களப்புக்கே உரிய இன்னொரு வாசல் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சமூகம். போர்த்துக்கேயக் கிரியோல் இன்றும் பேசப்படுகிற சில வீடுகள் இங்கே உண்டு, கல்யாண வீடுகளில் கப்ரிஞ்ஞா என்ற நடனம் ஆடுவார்கள், வயலினும் கிற்றாரும் முன்னுக்கு நிற்கும். 2004 சுனாமியில் டச்பார் பக்கத்தில் அந்தச் சமூகம் பட்ட இழப்பு பெரியது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு மரியாதையோடு போங்கள். கப்ரிஞ்ஞாவின் தாளம் ஆறுக்கு எட்டு. ஷஃபிள் என்கிற ப்ளூஸ் தாளமும் ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரித்து ஓடுவது, மெதுவான ப்ளூஸைப் பன்னிரண்டுக்கு எட்டு என்றே எழுதுவார்கள். அதனால் பைலாவும் கப்ரிஞ்ஞாவும் வாசித்து வளர்ந்த கைக்கு ஷஃபிள் புதிதாகவே இருக்காது, இரண்டு சுற்றில் பிடித்துவிடுவார்கள். யாராவது அறிமுகப்படுத்தி, வரச் சொன்ன பிறகு போங்கள். போன முதல் நாளே போனைத் தூக்கி ரெக்கோர்ட் பண்ணத் தொடங்காதீர்கள். வயலின் வாசிக்கிற அங்கிள் எடுக்கிற மெட்டுக்குக் கீழே, மிக மெதுவாக, கோர்ட் மட்டும் ஊதுங்கள். மிச்சத்தை அவரே கேட்பார்.

கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. அங்கே கர்நாடக இசை படிக்கிற பிள்ளைகளிடம் 'ப்ளூஸ் ஸ்கேல்' என்று தொடங்கினால் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சுத்த தன்யாசி ராகம் என்று சொல்லுங்கள். ச, க2, ம1, ப, நி2: மேற்கத்திய இசையில் மைனர் பென்ரடொனிக் என்பது அதே ஐந்து சுரங்கள்தான். மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் பிரதி மத்திமத்தைத் தொட்டுக்கொண்டு போனால் ப்ளூஸ் ஸ்கேல் வந்துவிடும். சி ஹார்மோனிகாவில் இரண்டாம் துளையை உள்ளிழுத்தால் ஜி, அதைச் சட்ஜமமாக வையுங்கள். மூன்றாம் துளையை இழுத்து அரைச் சுரம் வளைத்தால் காந்தாரம், நான்கை ஊதினால் மத்திமம், நான்கை இழுத்தால் பஞ்சமம், ஐந்தை இழுத்தால் நிஷாதம், ஆறை ஊதினால் மேல் சட்ஜமம். நான்காம் துளையை இழுத்து அரைச் சுரம் வளைப்பதுதான் அந்தப் பிரதி மத்திமம். சுரங்களை வளைக்கிற இடத்தில் ஒரு வயலின் மாணவி உங்களைவிட நுட்பமாகக் கேட்பார், கமகம் பழகிய காது அது. அவர் வாசித்துக் காட்டுவதை நீங்கள் ஹார்மோனிகாவில் தேடிப் பிடிக்கலாம். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கூத்து ஆடினவர்களையும் விட்டுவிடாதீர்கள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரோ ஆட்டக்காரரோ பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிற பழக்கம் அவர்களுக்கு இரத்தத்தில் ஊறியது. ப்ளூஸிலும் பாடகர் ஒரு வரி பாடி நிறுத்துவார், அந்த இடைவெளியில் ஹார்மோனிகா பதில் சொல்லும். எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது கூத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

பழைய மிக்கேல் மாணவர்களைச் சந்தித்தால் நியூ ஓர்லியன்ஸைப் பற்றிப் பேச்சை எடுங்கள். புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருமார் பலர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த ஹெரோல்ட் வெபர் அடிகள் உட்பட. அவர்கள் இங்கே விட்டுப்போனது கூடைப்பந்து. இருந்தாலும் ஜாஸ் பிறந்த நகரத்தோடு இந்த ஊருக்கு அப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிற விஷயம், முதியவர்களோடு கதை தொடங்கவும் அது போதும்.

அடுத்தது பொத்துவிலுக்குப் பக்கத்துக் கடற்கரையான அறுகம்பே. அலைச்சறுக்கல் சீசன் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை, அந்த மாதங்களில் வெளிநாட்டுக்காரர்களும் கொழும்புப் பொடியன்களும் கிற்றாரோடு வந்து நிற்பார்கள், விடுதிகளில் இரவில் வாசிப்பு நடக்கும். ப்ளூஸ் என்றே தெரிந்து வாசிக்கிற ஆளை இந்தக் கரையில் சந்திக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை பஸ், அங்கே பொத்துவில் பஸ் மாறி, பொத்துவிலில் இருந்து ஓட்டோ. அன்றே திரும்பலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், வாசிப்பு சூடு பிடிக்கிற நேரம் கடைசி பஸ் போயிருக்கும். சனி இரவு தங்குகிற மாதிரி ஆயத்தமாகப் போங்கள். ஆனால் அங்கே கிடைக்கிற நட்பு பெரும்பாலும் சீசனோடு போய்விடும். பாட்டும் நுணுக்கமும் கற்றுக்கொண்டு வர அறுகம்பே, கிழமை தவறாமல் சேர்ந்து வாசிக்க உங்கள் ஊர் ஆட்கள், இப்படிப் பிரித்துக்கொண்டால் மனம் சோராது.

சரி, ஒரு கிற்றார்காரர் கிடைத்துவிட்டார். முதல் நாள் என்ன செய்வது? ஜி கீயில், சி ஹார்மோனிகாவோடு தொடங்குங்கள். நான்கு பார் ஜி, இரண்டு பார் சி, இரண்டு பார் ஜி, பிறகு டி, சி, ஜி, டி ஒவ்வொரு பார். ஜி வரும்போது ஒன்று முதல் நான்கு துளைகளை இழுத்தால் முழுக் கோர்ட்டும் வரும், சி வரும்போது ஊதினால் போதும், டி வரும் இடத்தில் ஒன்றையோ நான்கையோ தனியாக இழுத்து ஒரு சுரத்தில் நில்லுங்கள், பல துளைகளைச் சேர்த்து இழுத்தால் இடிக்கும். முதல் சந்திப்பில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், சோலோ கூட வேண்டாம். அரை மணித்தியாலம் நிற்காமல் இதே சுற்று. இருவரும் ஒன்றாக மூச்சு விடத் தொடங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

அவர் ஈ கீயில் வாசிக்க விரும்பினால் உங்களுக்கு ஏ ஹார்மோனிகா வேண்டும், ஏ கீக்கு டி, டி கீக்கு ஜி. கிற்றார்காரர்களுக்கு ஈயும் ஏயும் கைக்கு வசதியானவை என்பதால் சிக்கு அடுத்ததாக ஏ வாங்குவது நல்லது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது, காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். மரச் சட்டம் உள்ளவை ஈரத்தில் வீங்கி வாயைக் கிழிக்கலாம், ஹோனர் ஸ்பெஷல் 20 போலப் பிளாஸ்ரிக் சட்டம் உள்ளது இங்கே நின்றுபிடிக்கும். வாசித்து முடிந்ததும் உள்ளங்கையில் தட்டி எச்சிலை வெளியேற்றி, காய விட்டுப் பெட்டியில் வையுங்கள். பழக ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு உங்களுடையதைக் கொடுக்காமல் விலை குறைந்த ஒன்றை அவர்களுக்கென்றே வாங்கிக் கொடுங்கள்.

இடமும் நேரமும் முக்கியம். கல்லடிக் கடற்கரை பின்னேரம் ஐந்து மணிக்கு நல்லது, காற்று பலமாக இருந்தால் காந்திப் பூங்காப் பக்கம் வாருங்கள். பழைய கல்லடிப் பாலத்தடியும் அழகான இடம்தான், ஆனால் பூரணை இரவில் அங்கே வாசிக்காதீர்கள், மீன் பாடுவதைக் கேட்க ஆட்கள் தோணியில் போய்க் காதை வைத்துக்கொண்டிருக்கிற நேரம் அது. போயா லீவுப் பகலில் யாராவது வீட்டில் கூடுவது எல்லோருக்கும் வசதி. பாங்கு சொல்லும்போது நிறுத்துங்கள், நோன்பு காலத்தில் காத்தான்குடி, கல்முனை நண்பர்களின் நேரத்தைக் கேட்டு வையுங்கள், வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக் காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அம்ப்ளிஃபயர் இல்லாமல் தொடங்குங்கள். அயலவர் ஒருமுறை முகம் சுளித்தால் அந்த இடம் போய்விடும்.

மூன்று நான்கு பேர் சேர்ந்த பிறகு தமிழில் பாடிப் பாருங்கள். ப்ளூஸ் பாட்டின் வடிவம் எளிது, ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு அதற்குப் பதிலாக மூன்றாவது வரி. வயல் காவல் பரணில் இருந்து கவி பாடிய மண் இது, நாலு வரியில் ஏக்கத்தைச் சொல்லப் பழகிய ஊருக்கு மூன்று வரி கஷ்டமே இல்லை. மாற்றம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராதது, ஊருக்குப் போகிற ரயிலில் இடம் கிடைக்காதது, எல்லாம் பாட்டாகும். இந்த இசையை வளர்த்தவர்களும் வேலை தேடி ஊர் மாறினவர்கள்தான். ப்ளூஸ் பாடகர் மடி வோட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பியை விட்டுச் சிக்காகோ போனார், லூசியானாவில் பிறந்த லிட்டில் வோல்டர் சிக்காகோவின் மெக்ஸ்வெல் தெருச் சந்தையில் நின்று ஹார்மோனிகா வாசித்தார். அங்கே சந்தித்த ஆட்களோடுதான் சேர்ந்தார்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில்தான் குழுக்கள் பெரும்பாலும் கலையும். வெள்ளம் வரும், கடற்கரை சரிவராது, ஒரு கிழமை விட்டால் அடுத்த கிழமையும் போய்விடும். அதனால் மழை தொடங்க முன்பே இரண்டு வீட்டு விறாந்தைகளைப் பேசி வையுங்கள், வீட்டுக்காரருக்குத் தேத்தண்ணிச் செலவு வைக்காமல் வடையோ பணிசோ கொண்டு போங்கள், இந்தக் கிழமை யார் வீடு என்பதை வியாழக்கிழமைக்குள் வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். இரண்டு பேர்தான் வந்தாலும் வாசியுங்கள்.