ஆட்டோகேட் பிளானை ஸ்கெட்ச்அப்புக்குக் கொண்டுபோவது எப்படி? முறம் அளவு வீடு கிடைத்தவனின் குறிப்புகள்

போன வருஷம் 30க்கு 40 அடி வீடு ஒன்றுக்கு ஆட்டோகேட்டில் பிளான் முடித்தேன். வீட்டுக்காரருக்கு முப்பரிமாணத்தில் காட்டலாம் என்று அதை ஸ்கெட்ச்அப்புக்குள் கொண்டுவந்தால், வந்தது ஒரு முறம். மிகைப்படுத்தவில்லை. அளந்து பார்த்தேன்: 36 சென்டிமீட்டருக்கு 48 சென்டிமீட்டர். வாசல் கதவின் அகலம் 36 மில்லிமீட்டர். எலி கூட ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

அதைச் சரிசெய்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வேலையில் வேறு கூத்து. அளவு சரியாக வந்தது, ஆனால் மவுஸைத் திருப்பினால் சுவரெல்லாம் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. இரண்டுக்கும் ஃபைல் வடிவம்தான் காரணம் என்று நினைத்து டிஎக்ஸ்எஃப், டிடபிள்யூஜி என்று மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு ராத்திரி போனது. வடிவத்தில் ஒரு குற்றமும் இல்லை. அந்த இரண்டு ராத்திரியை உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கத்தான் இது.

ஆட்டோகேட்டில் கோடு போடவும் லேயர் பிரிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்கெட்ச்அப் ப்ரோ வேண்டும். இலவச இணையப் பதிப்பு டிடபிள்யூஜியை வாங்காது. எதைத் தொடுவதற்கு முன்னும் ஃபைலை இன்னொரு பெயரில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாமே நகலில் செய்ய வேண்டியவை.

படி 1: ஒரு கதவை அளந்து பாருங்கள்

யூனிட்ஸ் கட்டளையைக் கொடுத்தால் வரும் பெட்டியில் இரண்டு விஷயங்கள் இருக்கும். மேலே நீளத்தின் வகை: ஆர்க்கிடெக்சுரல், டெசிமல் என்று. கீழே இன்சர்ஷன் ஸ்கேல்: இன்ச், மில்லிமீட்டர், மீட்டர் என்று. நான் விழுந்தது இங்கேதான். மேலே ஆர்க்கிடெக்சுரல் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அடி இன்ச் கணக்கு சரியாக இருக்கிறது என்று பெட்டியை மூடிவிட்டேன். கீழே மில்லிமீட்டர் என்று உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

மேலே இருப்பது எண்ணை நமக்கு எப்படி எழுதிக் காட்டுவது என்பது மட்டும். கீழே இருப்பதுதான் அடுத்த மென்பொருளுக்கு ஆட்டோகேட் கொடுக்கும் வாக்குமூலம். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் ஆரம்பித்து இன்ச்சில் வரைந்தால் அந்த வாக்குமூலம் பொய். ஸ்கெட்ச்அப் அதை அப்படியே நம்பும், ஏன் என்று கேட்காது.

அதனால் பெட்டியை நம்பாமல், வகையை டெசிமலுக்கு மாற்றிவிட்டு, டிஸ்ட் கட்டளையால் ஒரு மூன்றடிக் கதவை அளந்து பாருங்கள். 36 என்று வந்தால் வரைந்தது இன்ச்சில். 3 என்றால் அடியில். 914 அல்லது 900 என்றால் மில்லிமீட்டரில். 0.9 என்றால் மீட்டரில். எது வருகிறதோ அதையே இன்சர்ஷன் ஸ்கேலிலும் வையுங்கள். இதை மாற்றுவதால் வரைந்தது எதுவும் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகாது, பெயர்ச்சீட்டு மட்டும்தான் மாறும்.

நம்மூரில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரக் காரணம் உண்டு. வீட்டுக்காரரும் மேஸ்திரியும் பேசுவது அடியும் இன்ச்சும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் பேசுவது மீட்டர். அனுமதிக்கு ஒன்று, சைட்டுக்கு ஒன்று என்று ஒரே பிளான் இரண்டு வேஷம் போடுகிறது. நடுவில் யாராவது ஒருவர் ஸ்கேலை மாற்றி, சீட்டை மாற்ற மறந்திருப்பார்.

“ஸ்கெட்ச்அப்புக்குள் போன பிறகு டேப் மெஷர் வைத்து அளந்து, சரியான அளவை டைப் செய்தால் முழு மாடலும் பெரிதாகிவிடுமே” என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகும். ஆனால் முறம் அளவில் உள்ளே போகும்போதே ஜன்னல் கம்பி, ஸ்கர்ட்டிங் மாதிரி சின்னக் கோடுகள் சில ஒன்றோடொன்று ஒட்டிக் காணாமல் போயிருக்கும். பெரிதாக்கினால் அவை திரும்பி வராது. மூலத்திலேயே சரிசெய்வதுதான் நல்லது என்பது என் பிடிவாதம்.

படி 2: வீட்டை 0,0க்கு அருகில் கொண்டுவாருங்கள்

நடுங்கும் சுவரின் கதை இது. அந்த மனைக்கு டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து சர்வே எடுத்திருந்தார்கள். சர்வே டிராயிங் உண்மையான யுடிஎம் ஆயங்களில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) இருந்தது, அதன் மேலேயே நான் பிளானைப் போட்டேன். சர்வேயர் செய்தது முழுக்க முழுக்கச் சரி. திருச்சி யுடிஎம் 44ஆவது மண்டலத்தில் வரும். இந்தப் பக்கம் நார்திங் 11 லட்சத்து 95 ஆயிரம் மீட்டரை ஒட்டி இருக்கும். அதாவது பூமத்திய ரேகையிலிருந்து இவ்வளவு தூரம் வடக்கே என்று கணக்கு.

அதை இன்ச்சாக்கினால் சுமார் 4 கோடியே 70 லட்சம். திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு சாதாரணமாக ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் எண்களைப் பிடிக்கும். 4.7 கோடி அளவுள்ள எண்ணில், அது காட்டக்கூடிய ஒரு புள்ளிக்கும் அதற்கு அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 4 இன்ச். நம் பார்ட்டிஷன் சுவரே நாலரை இன்ச்! சுவரின் இரண்டு முகங்களும் எங்கே நிற்பது என்று தெரியாமல் திருப்பும்போதெல்லாம் இடம் மாறி மாறி உட்காரும். நடுக்கம் என்று நாம் பார்ப்பது அதைத்தான். ஆட்டோகேட் உள்ளே இன்னும் அதிக இலக்கங்களில் கணக்கு வைத்திருப்பதால் அங்கே எந்தச் சிக்கலும் கண்ணில் படாது.

முதலில் மூவ் கட்டளையால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வீட்டு மூலை ஒன்றை 0,0க்கு நகர்த்தினேன். பாதி வந்தது, பாதி வரவில்லை. மூவ் கட்டளையில் ஆல் என்று கொடுத்தாலும், உறைய வைத்த லேயரும் பூட்டிய லேயரும் அசையாது. ஃப்ரீஸ் செய்திருந்த ஃபர்னிச்சர் லேயர் மட்டும் பூமத்திய ரேகைக்கு வடக்கே 1,195 கிலோமீட்டரில் தனியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

இப்போது இதற்கு மூவ் பக்கமே போவதில்லை, தேர்ந்தெடுத்ததைத் தனி ஃபைலாக எழுதும் டபிள்யூபிளாக் கட்டளைதான். யூசிஎஸ் (ஆய அச்சு) வேர்ல்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எல்லா லேயரையும் ஆன் செய்து, உறைந்ததை இளக்கி, பூட்டைத் திறந்து, தேவையானதை மட்டும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிளாக் பெட்டியில் பேஸ் பாயிண்டாக வீட்டின் தென்மேற்கு மூலையைத் தொடுங்கள். கீழே யூனிட் கேட்கும், படி 1இல் கண்டுபிடித்ததைக் கொடுங்கள். புது ஃபைல் ஒன்று பிறக்கும். அதில் அந்த மூலை 0,0இல் இருக்கும், பழைய குப்பை எதுவும் இருக்காது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

தொட்ட மூலையின் பழைய ஆயத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப சர்வே மேல் பொருத்த வேண்டிவரும். நான் எழுதவில்லை, பட்டேன்.

படி 3: உயரத்தைத் தட்டையாக்குங்கள்

சர்வேயிலிருந்து வந்த கோடுகளுக்கு உயரமும் இருக்கும். மேலிருந்து பார்த்தால் நான்கு கோடும் மூடிய பெட்டிதான். ஆனால் ஒரு கோட்டின் முனை கொஞ்சம் தூக்கியிருந்தாலும் ஸ்கெட்ச்அப்பில் முகம் உருவாகாது, சுவரை இழுத்து எழுப்ப முடியாது. ஃப்ளாட்டன் என்று ஒரு கட்டளை இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது, வளைவுகளையும் பிளாக்குகளையும் சில நேரம் குதறிவிடும்.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்கள் கையில் ஒரு வித்தை உண்டு. மூவ் கொடுத்து எல்லாவற்றையும் எடுத்து, 0,0,1ஈ99 என்று டைப் செய்து இரண்டு முறை என்டர் தட்டுங்கள். ஈ என்பது ஆங்கில எழுத்து. ஒன்றுக்குப் பின்னால் 99 சுழி என்று பொருள். அப்புறம் அதே போல 0,0,-1ஈ99. அவ்வளவு பெரிய எண்ணோடு சேரும்போது கோட்டின் சின்ன உயரம் இலக்கத்தில் இடம் கிடைக்காமல் உதிர்ந்துவிடும். திரும்பி வரும்போது எல்லாம் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கும். படி 2இல் நம் சுவரை நடுங்க வைத்த அதே பலவீனம்தான், இங்கே வேலைக்காரன்.

படி 4: சுத்தம், சேமிப்பு

எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைத்த டிராயிங்) இருந்தால் டபிள்யூபிளாக்குக்கு முன்பே பைண்ட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கெட்ச்அப்பில் வராது. பைண்ட், இன்சர்ட் என்று இரண்டு வழி கேட்கும். இன்சர்ட்தான் என் தேர்வு. மற்றதில் லேயர் பெயர்களுக்கு நடுவே டாலர் குறி முளைக்கும். எழுத்து, டைமென்ஷன், ஹேட்ச் எப்படியும் ஸ்கெட்ச்அப்புக்குள் வரப் போவதில்லை, எடுத்துவிடலாம். ஓவர்கில் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளைக் களையுங்கள், அப்புறம் பயன்படாததை நீக்க பர்ஜ், பிழை திருத்த ஆடிட்.

சேமிக்கும்போது 2013 வடிவம் கொடுங்கள். புத்தம்புது வடிவத்தைப் பழைய மென்பொருள் திறக்காது. யாரோ அனுப்பிய ஃபைல் எந்த வடிவம் என்று தெரியாவிட்டால் அதை நோட்பேடில் திறங்கள். முழுக்கக் கிறுக்கலாக இருக்கும், முதல் ஆறு எழுத்துகளை மட்டும் பாருங்கள். ஏசி1032 என்றால் 2018 வடிவம், ஏசி1027 என்றால் 2013, ஏசி1024 என்றால் 2010.

ஆட்டோகேட் இல்லாதவர்களுக்கு ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் போதும், இலவசம். டிடபிள்யூஜியை டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றிக்கொண்டு லிப்ரேகேட் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து வேலை செய்யலாம். டிஎக்ஸ்எஃப் 1982இல் ஆட்டோகேடின் முதல் பதிப்போடு வந்தது, இன்றைக்கும் அதற்கு எல்லா வீட்டிலும் சாப்பாடு உண்டு. முன்பின் தெரியாத இணையதளத்தில் வாடிக்கையாளரின் பிளானை ஏற்றி மாற்றுவது மட்டும் வேண்டாம்.

படி 5: ஸ்கெட்ச்அப்பில் திறப்பது

ஃபைல், இம்போர்ட். ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் ஓகே கொடுத்துவிடாமல் ஆப்ஷன்ஸைத் திறங்கள். யூனிட்டில் மாடல் யூனிட்ஸ் என்று விடாமல் இன்ச்சோ மில்லிமீட்டரோ நீங்களே சொல்லுங்கள். தவறி மீட்டர் கொடுத்தால் கதவு 36 மீட்டர் அகலம், ஸ்ரீரங்கம் தேரையே திருப்பலாம். உள்ளே வந்ததும் மறுபடி அதே கதவை அளங்கள். மூன்றடி வந்தால் வேலை முடிந்தது.

பின்சேர்க்கை: கேள்விகளில் வந்தவை

எல்லாம் செய்தும் இன்னும் நடுங்குகிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் ஃபைலை வாங்கிப் பார்த்தேன். சுவரெல்லாம் 0,0இல்தான். ஒரு மரத்தின் பிளாக்கைத் தொட்டேன், அதைப் பிடிக்கும் நீலப் புள்ளி எங்கோ திரைக்கு வெளியே இருந்தது. பிளாக் உருவாக்கும்போது பேஸ் பாயிண்டைத் தொடாமல் விட்டிருக்கிறார், மரம் ஊரில் இருந்தாலும் அதன் வேர் பழைய 0,0இல். பிளாக் எடிட்டரில் மரத்தை அதன் 0,0க்கு நகர்த்துங்கள், மரம் வேர் இருக்கும் இடத்துக்கு ஓடிவிடும், அதை மூவ் கொடுத்துத் திரும்ப ஊருக்குள் கொண்டுவந்தால் சரி. முடியாவிட்டால் எக்ஸ்ப்ளோட்.

ரெவிட் என்ற கட்டிட மாடல் மென்பொருளிலிருந்து டிடபிள்யூஜி எடுத்தால் ஒரு ஷீட்டுக்கு ஏழெட்டு ஃபைல் வருகிறதாம். சேமிக்கும் பெட்டியின் அடியில், ஷீட்டில் உள்ள வியூக்களை எக்ஸ்டெர்னல் ரெஃபரன்ஸாக ஏற்றுமதி செய் என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள், ஒரே ஃபைலாக வரும்.

தமிழில் எழுதிய அறைப் பெயர்கள் அடுத்தவர் கணினியில் கேள்விக்குறியாகவோ ஆங்கிலக் கிறுக்கலாகவோ தெரிகின்றன என்பது மூன்றாவது. கேள்விக்குறி என்றால் டெக்ஸ்ட் ஸ்டைலில் ஆட்டோகேடின் சொந்த எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துரு இருக்கிறது, அதற்குத் தமிழ் தெரியாது. நிர்மலா யூஐ அல்லது லதாவுக்கு மாற்றுங்கள். கிறுக்கல் என்றால் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடில் மறுபடி அடிப்பதுதான் வழி. அவசரம் என்றால், உங்கள் கணினியிலேயே TXTEXP கட்டளை கொடுத்து எழுத்தைக் கோடாக்கி அனுப்பலாம். ஆனால் அப்புறம் “பூஜை அறை”யை “ஸ்டோர்” ஆக்கச் சொன்னால் கோடு கோடாக அழிக்க வேண்டும்.