கல்குவாரிக் குத்தகையில் ‘வளம் தீர்தல்’: எழுதும் முறையும் படிக்கும் முறையும்

வீட்டை வாடகைக்கு விடுபவர் தவணை முடிந்ததும் அதே வீட்டைத் திரும்பப் பெறுகிறார். பட்டா நிலத்தைக் கல்குவாரிக்கு விடுபவருக்குத் திரும்பக் கிடைப்பது பள்ளம்தான். அவர் கொடுத்ததில் பெரும்பகுதி லாரிகளில் ஏறிப் போயிருக்கும். இந்த வேறுபாடு சட்டத்திலேயே இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லப்படாதவரை, குத்தகை தொடங்கும்போது திறந்திராத சுரங்கத்தையோ குவாரியையோ குத்தகைதாரர் தோண்டக் கூடாது. ஆகவே வெட்டியெடுக்கும் உரிமையையும் அது எப்போது முடிகிறது என்பதையும் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியாக வேண்டும்.

இதைப் பல பத்திரங்கள் ‘கல் உள்ள வரை’ என்ற மூன்று சொற்களில் முடித்துவிடுகின்றன. பின்னாளில் வரும் வழக்குகளுக்கு விதை அங்கேதான் விழுகிறது என்பது என் எண்ணம். கல் மூன்று விதமாகத் தீரலாம். நிலத்தடியில் பாறையே இல்லாமல் போவது ஒன்று. பாறை இருந்தும், வெட்டும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிடுவது இன்னொன்று. பாறையும் இலாபமும் இருந்தும், அனுமதிக்கப்பட்ட ஆழமோ எல்லையோ முடிந்துவிடுவது மூன்றாவது. இவற்றுள் எதைக் குறிக்கிறோம் என்று சொல்லாத ஒப்பந்தத்தை இரு தரப்பும் தத்தமக்கு வசதியாகவே படிப்பார்கள்.

மூன்றாவது வகை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு ஹெக்டேர் நிலத்தில், மேல்மண்ணே இல்லாமல், 20 மீட்டர் ஆழத்துக்குப் பாறை இருப்பதாகக் கொள்வோம். நிலவியல் இருப்பு, அதாவது நிலத்தடியில் உள்ள மொத்தப் பாறை, 2,00,000 கன மீட்டர். ஆனால் பக்கத்து நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டால் வெட்டும் பரப்பு 85க்கு 85 மீட்டராகச் சுருங்குகிறது. ஐந்து மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம் என்று படிபடியாக இறங்கினால் அடுத்த படி 75, அதற்கடுத்தது 65, கடைசிப் படி 55 மீட்டர். நான்கு படிகளையும் கூட்டினால் வெட்டியெடுக்கத்தக்க இருப்பு 1,00,500 கன மீட்டர்தான், ஏறக்குறைய பாதி. முதல் எண்ணை நம்பி முன்பணம் கொடுத்தவருக்குப் பாதிக் கல் தொடக்கத்திலேயே கிடையாது. எனவே பத்திரத்தில் ‘இருப்பு’ என்று எழுதும்போதெல்லாம், அங்கீகரிக்கப்பட்ட சுரங்கத் திட்டத்தில் (எங்கே, எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று காட்டும் திட்டம்) உள்ள வெட்டியெடுக்கத்தக்க இருப்பு என்றே எழுதுங்கள்.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. திட்டம் பாறையைத் திண்மக் கன மீட்டரில் கணக்கிடுகிறது. ஜல்லி வியாபாரமோ நூறு கன அடியை ஒரு யூனிட்டாக வைத்து நடக்கிறது. உடைத்த கல் இடைவெளியோடு கிடப்பதால், திண்மப் பாறையைவிடக் கூடுதல் இடத்தை அடைக்கும். எந்த நிலையில் அளப்பது, எடை மேடைச் சீட்டா, லாரியோடு போகும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டா, ஆண்டுதோறும் எடுக்கும் பள்ள அளவீடா, இவை முரண்பட்டால் எது செல்லும் என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால், எவ்வளவு குறைந்தது என்பதற்கே விடை இராது.

அடுத்தது, கல் தீர்ந்தால் இழப்பு யாருடையது என்பது. இரண்டு பழைய ஆங்கிலேய வழக்குகள் இதைத் துல்லியமாகக் காட்டுகின்றன. 1844இல் தீர்ப்பான பியூட் எதிர் தாம்சன் வழக்கில், நிலக்கரியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறித்த வாடகையைக் கட்டுவதாகக் குத்தகைதாரர் ஒப்புக்கொண்டிருந்தார்; கரி இல்லை என்ற வாதம் அவருக்கு உதவவில்லை. 1870இல் வந்த கிளிஃபோர்டு எதிர் வாட்ஸ் வழக்கில், ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டன் களிமண் தோண்டுவதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார்; அவ்வளவு களிமண் நிலத்திலேயே இல்லை என்று தெரிந்ததும், தோண்டாததற்கு அவர் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ‘கட்டுவேன்’ என்பதற்கும் ‘தோண்டுவேன்’ என்பதற்கும் இடையே இவ்வளவு தூரம். உங்கள் பத்திரத்தில் குறைந்தபட்ச ஆண்டு வாடகை இருந்தால், இருப்பு தீர்ந்த பிறகும் அது ஓடுமா என்பதை அதே பத்தியில் எழுதிவிடுங்கள். நிறைவேற்ற இயலாத ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு காப்பாற்றும் என்று இருந்துவிட வேண்டாம். நிறைவேற்ற இயலாது என்பதை உரிய கவனத்தோடு முன்பே அறிந்திருக்கக்கூடியவர், அதை அறியாத மறுதரப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சோதனைத் துளை போடாமல் கையெழுத்திட்டவரின் நிலை அங்கே வலுவானதல்ல.

கணக்கேடுகளில் ‘வளம் தீர்தல்’ (ஆங்கிலத்தில் depletion) என்ற இதே சொல் வேறு வேலை செய்கிறது. உரிமை பெறவும் குவாரியைத் திறக்கவும் 90 லட்சம் ரூபாய் செலவாகி, இருப்பு 3,00,000 கன மீட்டர் என்றால், வெட்டும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 30 ரூபாய் சொத்து மதிப்பிலிருந்து கழியும். முதல் ஆண்டில் 20,000 கன மீட்டர் வெட்டினால் 6 லட்சம் கழிந்து 84 லட்சம் நிற்கும். மறு அளவீட்டில் மீதி 2,80,000 அல்ல, 1,50,000தான் என்று தெரிந்தால், பழைய ஆண்டைத் திருத்தாமல், இனிமேல் கன மீட்டருக்கு 56 ரூபாய் கழிக்க வேண்டும். இலாபப் பங்கு பேசியிருக்கும் நில உரிமையாளருக்கு இது நேரடியாகப் பாதிப்பு. ஆகவே பங்கைக் கணக்கிடுவது இந்தக் கழிவுக்கு முன்பா, பின்பா என்று கேட்டு எழுதிக்கொள்வது அவசியம்.

அமெரிக்க ஒப்பந்த மாதிரிகளிலிருந்து வாசகங்களை எடுப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கே இச்சொல் பெரும்பாலும் வருமான வரிக் கழிவைக் குறிக்கும். எண்ணெய்க் கிணறுகளுக்கு 1926 முதல் 1969 வரை அது மொத்த வருவாயில் 27.5 சதவீதமாக இருந்தது. நம் கல்குவாரிக்கு அப்படி ஒரு சதவீதக் கழிவு கிடையாது.

கடன் ஒப்பந்தமானால் ஒரே ஒரு தேதியைத் தேடுங்கள். சுரங்கத் தொழில்களுக்குக் கடன் தருவோர், தொடக்க இருப்பில் குறித்த ஒரு பங்கு, பல ஒப்பந்தங்களில் 25 சதவீதம், நிலத்தில் மீதமிருக்கும்போதே கடன் முழுவதும் அடைபட வேண்டும் என்று விதிப்பதுண்டு. மறு அளவீட்டில் இருப்பு குறைந்தால், கடன் அடைபட வேண்டிய அந்தத் தேதி முன்னே வந்துவிடும். தவணை திடீரென ஏறும்.

குத்தகைப் பத்திரத்துக்கு நான் பரிந்துரைக்கும் வாசகம் இது: “அங்கீகரிக்கப்பட்ட சுரங்கத் திட்டத்தின்படி வெட்டியெடுக்கத்தக்க இருப்பு முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது என்று, இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் தகுதிபெற்ற நிலவியலாளர் பள்ளத்தை அளந்து எழுத்தில் சான்றளிக்கும் நாளில் வளம் தீர்ந்ததாகக் கொள்ளப்படும், அந்நாள் முதல் குறைந்தபட்ச வாடகை நின்றுவிடும், ஆனால் பள்ளத்தைச் சுற்றி வேலி அமைத்து நிலத்தை ஒப்படைக்கும் பொறுப்பு, அது நிறைவேறும் வரை குத்தகைதாரரையே சாரும்.”