தனி ஆளாக ட்ரெய்லர் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கை காட்ட ஆள் இல்லாமல், வண்டியின் பின்னால் இருக்கும் ஹிட்ச் குண்டை, அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் ட்ரெய்லர் முனையான கப்ளருக்கு நேராகக் கொண்டுவரப் புதியவர்கள் படும் பாட்டை அடிக்கடி பார்க்கிறேன். மெதுவாகப் போ, கண்ணாடியைப் பார் என்பதெல்லாம் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி மூன்றடியில் ஸ்டீயரிங்கை முறுக்குவது

கோணலாக வந்துவிட்டு அங்கே திருத்த முடியாது. முன்னால் எடுத்து, நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். பின்கண்ணாடியின் நடுவில் ஒரு டேப் துண்டு, ட்ரெய்லர் முகப்பின் நடுவில் இன்னொன்று ஒட்டினால் குறி பார்க்க வசதி.

கப்ளரைத் தாழ வைப்பது

குண்டைவிட இரண்டு விரல் உயரம் வேண்டும். இல்லையென்றால் பம்பர் நசுங்கும்.

இறங்கிப் பார்க்கச் சோம்பல்

இறங்குங்கள்.

கியரைப் பார்க்கில் (P) போட்டதும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கேமராவில் குண்டு கச்சிதமாகக் கப்ளருக்கு அடியில் நிற்கும். ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கில் தள்ளிவிட்டுக் காலை எடுப்பார்கள். தரை லேசாகச் சரிந்திருந்தால் போதும், கியர்பெட்டிக்குள் இருக்கும் கொக்கி பல்லில் மாட்டும்வரை வண்டி ஓரிரு அங்குலம் உருண்டு டக்கென்று நிற்கும். அதைக் கவனிக்காமல், ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கை இறக்கினால் கப்ளர் குண்டின் தலைமேல் உட்காரும், குண்டு உள்ளே போயிருக்காது. கப்ளரைப் பூட்டும் லீவர் முரண்டு பிடிக்கும். ஓங்கி ஒரு உதை விட்டால் சில கப்ளர்களில் மூடிக்கொள்ளும்.

அப்படி உதைத்து மூடிவிட்டுக் கிளம்பிய ஒருவரின் ட்ரெய்லர் முதல் வேகத்தடையிலேயே எகிறிக் கழன்றது. ட்ரெய்லரை வண்டியோடு பிணைக்கும் பாதுகாப்புச் செயின் இருந்ததால் தனியாக ஓடவில்லை. ஆனால் அவர் பதறிப்போய் பிரேக் அடிக்க, அதன் மூக்கு பம்பரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. "லாக் போட்டேனே!" என்றார். போட்டார்தான், குண்டுக்கு மேலே.

கால் பிரேக்கில் இருக்கும்போதே நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். அப்புறம் காலை மெல்லத் தளர்த்தி, பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்ததும் மறுபடி பிரேக்கை மிதித்துப் பார்க்கில் போடுங்கள். லீவரை மூடியபின் ஜாக்கால் கப்ளரை மறுபடி தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரி. கப்ளர் மட்டும் எழும்பினால் மாட்டவில்லை.

அளவு பார்க்காதது

2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குலக் குண்டிலும் மூடும். பள்ளத்தில் இறங்கினால் கழன்றுவிடும். அளவு இரண்டிலும் பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள்.

கட்டையை முன்கூட்டியே உருவுவது

செயினைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டி முடிக்கும்வரை ட்ரெய்லர் சக்கரத்துக் கட்டை அங்கேயே இருக்கட்டும்.

ஜாக்கை முழுக்க ஏற்றாமல் கிளம்புவது

தரையில் உரசும் சத்தம் உங்கள் காதுக்கு எட்டும்போது ஜாக் வளைந்திருக்கும்.