டினிக்லிங் ஆட வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற நடனம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது மூங்கில் கழிகளுக்கு நடுவே ஆடும் டினிக்லிங்தான். கற்றுக்கொள்ள வருகிறவர்களும் நேராகக் கழியிடம் போய் நிற்கிறார்கள். முதல் தவறே அதுதான்.

டினிக்லிங், லெய்ட்டே தீவின் ஆட்டம். வயலில் திரியும் டிக்லிங் என்ற நெட்டைக்கால் பறவை, விவசாயிகள் வைத்த மூங்கில் பொறிகளில் சிக்காமல் நழுவும் அழகிலிருந்து இது வந்தது என்பார்கள். தாளம் மூன்று எண்ணிக்கை. ஒன்றில் கழிகள் சேர்ந்து மோதும். இரண்டிலும் மூன்றிலும் சுமார் ஓரடி விலகி, கீழே குறுக்காகக் கிடக்கும் கட்டைகளில் தட்டும். ஆடுகிறவர் ஒன்றுக்கு வெளியே, இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ளே. இந்தக் கணக்கு காதில் ஏறாதவர் கண்ணை நம்புவார். கழி மூடுவதைப் பார்த்த பிறகு காலைத் தூக்கினால் நேரம் போயிருக்கும், கணுக்காலில் அடி விழும். அதனால் முதலில் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, யாராவது கைதட்ட, குனிந்து பார்க்காமல் ஆடிப் பழகுங்கள். அப்புறம் கழிக்கு வரலாம்.

அமெரிக்கப் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்புக்காக இதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றிச் சொல்லித் தருவதுண்டு. அந்த வீடியோவைப் பார்த்துப் பழகிவிட்டு மரபான இசைக்கு ஆடப்போனால் இரண்டாவது சுற்றிலேயே குழம்பும்.

இன்னொன்று, உயரமாகக் குதிப்பது. உயரப் போனவர் இறங்கத் தாமதமாகும், அவ்வளவுதான் விஷயம். முன்பாதத்தில் லேசாக மிதித்து, முழங்காலைத் தளர்த்தி, இடுப்புக்கு மேலே ஆடாமல் அசையாமல் இருந்தால் போதும்.

கழி பிடிக்கும் வேலையை ஆட வராதவரிடம் தள்ளிவிடும் பழக்கமும் இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறாகப் படுகிறது. தாளமே அவர் கையில் இருக்கிறது! இசை வேகமாகும்போது அதோடு சேர்ந்து போகவும், ஆடுகிறவர் தடுமாறினால் சட்டென்று கழியை விரிக்கவும் தெரிந்தவர்தான் அங்கே உட்கார வேண்டும். விரல்களைக் கழிக்கு அடியில் சுற்றிப் பிடித்தால் நசுங்கும். மேலிருந்து பிடிக்க வேண்டும்.

சரி, கைக்கு வருவோம். பிரான்சிஸ்கா ரெய்ஸ் அக்கினோ ஊர் ஊராகப் போய் பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற நடனங்களைத் திரட்டி, 1926இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். 1973இல் தேசியக் கலைஞர் விருது பெற்றார். இன்றும் வகுப்புகளில் கைக்கு ஐந்து நிலை, காலுக்கு ஐந்து நிலை என்றே தொடங்குகிறார்கள். இதைச் சலிப்பான பாடம் என்று தாண்டிப் போகிறவர்களைக் குமின்டாங் காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கட்டை மட்டும் வட்டமாகச் சுழற்றும் அசைவு அது. புதியவர்களுக்கு முழங்கையும் கூடவே சுழலும். முழங்கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பழகினால் வித்தியாசம் புரியும்.

மிண்டோரோவை ஒட்டிய லுபாங் தீவின் பாண்டாங்கோ சா இலாவ் நடனத்தில் தலையில் ஒரு விளக்கு, இரு புறங்கைகளிலும் ஒவ்வொன்று. பங்கசினான் மாகாணத்தின் பினாசுவான் நடனத்தில் பானம் ஊற்றிய கண்ணாடித் தம்ளர்கள். அங்கே உள்ளங்கை எப்போதும் வானம் பார்த்திருக்க, கை அக்குளுக்கு அடியில் நுழைந்து வெளியே சுற்றித் தலைக்கு மேலே போகும். இவற்றில் சிந்துவதற்கும் சாய்வதற்கும் பெரும்பாலும் காரணம் கையல்ல, கால். மூன்று எண்ணிக்கையில் வைக்கும் வால்ட்ஸ் அடி மேலும் கீழும் எகிறினால் விளக்கு எப்படி நிற்கும்? வெறும் கையோடு தொடங்கி, பிறகு பிளாஸ்டிக் தம்ளர், கடைசியாகத்தான் கண்ணாடியும் நெருப்பும்.

சிங்கில் என்ற இன்னொரு மூங்கில் கழி நடனத்தை 'கஷ்டமான டினிக்லிங்' என்று நினைப்பது கடைசித் தவறு. குறுக்கு நெடுக்காகக் கழிகள் வைப்பதால் அப்படித் தோன்றுகிறது. அது தெற்கே மிண்டனாவோ தீவில் லானாவோ ஏரிக்கரையில் வாழும் மரனாவ் முஸ்லிம்களின் ஆட்டம், குலின்டாங் என்ற வெண்கலச் சேகண்டி வரிசையின் இசைக்கு ஆடுவது. நிலம் அதிர்ந்து மரங்கள் சரியும் காட்டில் இளவரசி காந்திங்கன் நடந்து தப்பும் கதையை அதற்குச் சொல்வார்கள். டினிக்லிங்கின் சிரிப்பும் துள்ளலும் அங்கே பொருந்தாது. தலை நிமிர்ந்து, முகம் சலனமில்லாமல் நடக்க வேண்டும். மேடைகளில் நாம் காணும் சிங்கில் பெரும்பாலும் 1957இல் தொடங்கிய பயானிஹான் குழு மேடைக்கென்று அமைத்த வடிவத்தின் வழி வந்தது. அதை ஆடினால் நிகழ்ச்சி அறிவிப்பில் அப்படியே சொல்லிவிடுங்கள், மரனாவ் கிராமத்து ஆட்டம் என்று போடாதீர்கள்.